தாமிரப் பூச்சுக்குள் பிளாஸ்டிக்: காந்தவியல் சோதனைப் பெட்டி குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மின்காந்தத் தூண்டல் சோதனைப் பெட்டியிலும் கையேட்டிலும் உள்ள குறைகள்

ஐயா / அம்மா,

வணக்கம். பள்ளியில் படிக்கும் என் மகளுக்காகப் போன வாரம் உங்கள் சோதனைப் பெட்டியை வாங்கினேன்.

முதல் குறை சின்னது. கம்பிச்சுருளின் இரு முனைகளிலும் மின்சாரம் கடத்தாத எனாமல் பூச்சைச் சுரண்டாமலே அனுப்பியிருக்கிறீர்கள். பிளேடால் நானே சுரண்டிக்கொண்டேன். அது போகட்டும்.

அப்புறம் கையேடு. காந்தத்தைச் சுருளுக்குள் வைத்திருக்கும் நேரம் முழுக்க கால்வனாமீட்டர் (சிறு மின்னோட்டத்தையும் அதன் திசையையும் காட்டும் கருவி) முள் விலகியே நிற்கும் என்று 7ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறது. மகள் அதை நம்பி, காந்தத்தைச் செருகி அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். செருகும்போது முள் வலப்பக்கம் துள்ளியது. கை நின்றதும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. வெளியே இழுத்தபோது இடப்பக்கம் துள்ளியது. "காந்தம் கெட்டுப்போச்சாப்பா?" என்று கேட்டாள். கெட்டது காந்தம் இல்லை. 1831இல் ஃபாரடே கண்டது இதைத்தானே? சுருள் வழியே செல்லும் காந்தப் பாயம், அதாவது சுருளை ஊடுருவும் காந்தப்புலத்தின் மொத்த அளவு, மாறும்போது மட்டும்தான் மின்னோட்டம் தூண்டப்படும். சும்மா வைத்தாலே கரண்ட் வருமென்றால் டைனமோவை ஏன் சுற்ற வேண்டும்?

சட்ட காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். 'வடக்கு' என்று எழுதிய சிவப்பு முனை தெற்கே பார்த்து நின்றது! இதை வைத்து மகள் நோட்டில் குறித்த மின்னோட்டத் திசைகள் எல்லாம் தலைகீழ்.

பெட்டியின் அட்டையில் பெரிதாகப் படம் போட்டிருப்பது, தாமிரக் குழாய்க்குள் காந்தம் மெதுவாக இறங்கும் சோதனைக்கு. நாங்கள் ஆசையாகக் காத்திருந்ததும் அதற்குத்தான். 30 செ.மீ. குழாயை நிமிர்த்திப் பிடித்து உருளைக் காந்தத்தைப் போட்டால், டொக்கென்று தரையில் விழுந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து ஒரு கல் விழவும் கால் நொடிதான் ஆகும், இதற்கும் அதேதான். குழாயில் காந்தம் ஒட்டவில்லை, ஆகவே தாமிரம்தான் என்று முதலில் நம்பியிருந்தேன். பிளாஸ்டிக்கிலும்தான் ஒட்டாது என்பது அப்புறம்தான் உறைத்தது. கத்தி முனையால் சுரண்டினேன். தாமிர நிறம் உதிர்ந்து, உள்ளே வெள்ளை பிளாஸ்டிக்.

காந்தம் விழும்போது குழாயின் சுவரில் வட்டமாகச் சுற்றி ஓடும் சுழல் மின்னோட்டம் உண்டாக வேண்டும். தூண்டப்பட்ட மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் என்பது லென்ஸ் விதி; அதன்படி அது காந்தத்தின் வீழ்ச்சியை எதிர்க்கும். அதனால்தான் வேகம் குறைகிறது. பிளாஸ்டிக்கில் எங்கே ஓடும் மின்னோட்டம்? எனாமலை மறந்ததைக் கவனக்குறைவு என்று விடலாம். பிளாஸ்டிக்குக்குத் தாமிரப் பூச்சு அடித்ததை அப்படி விட முடியாது.

உண்மையான தாமிரக் குழாயும், துருவம் சரியாகக் குறித்த காந்தமும் அனுப்புங்கள். 7ஆம் பக்கத்துக்கு ஒரு திருத்தத் தாள் அச்சிட்டு, இந்தப் பெட்டியை வாங்கிய எல்லோருக்கும் அனுப்புங்கள். பதினைந்து நாளில் இது நடக்காவிட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். சுரண்டிய குழாயை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பெட்டியை வாங்கிய வாடிக்கையாளர்