ஞாயிறு மதியச் சாப்பாடு: கபான்யால்

எல்லாருக்கும் வணக்கம். ஸ்பெயின் வலென்சியா நகரத்தோட கபான்யால் பகுதியில், பழைய மீனவர் தெருக்களுக்குள்ளே இருக்கிற அந்தச் சின்னக் கடையில் 12 பேருக்கு மேசை சொல்லியாச்சு. மதியம் 2 மணிக்கு. ஒரு மணிக்கே வந்து நிற்காதீங்க, அடுப்பே பத்தவெச்சிருக்க மாட்டாங்க.

என்ன வேணும்னு வெள்ளிக்குள்ள இங்கேயே எழுதுங்க. சோறு ஒரு ஆளுக்குன்னு தனியாப் போட மாட்டாங்க, ஒரே வகைக்கு ரெண்டு பேராவது சேரணும். கணவாய் மையில் கறுத்த அர்ரோஸ் நேக்ரோ, மீன் சாற்றில் வெந்த அர்ரோஸ் ஆ பாண்டா, அரிசிக்குப் பதில் சேமியா போட்ட ஃபிதெவா. வலென்சியானா பயேயா (அகலச் சட்டியில் செய்யிற வலென்சியா ஊர்ச் சோறு) கேட்கிறவங்களுக்கு: அதில் இறால் வராது, கோழியும் முயலும்தான்.

சட்டி பெரிசு, சோறு விரல் கனம்கூட இருக்காது. "இவ்வளவுதானா"ன்னு முகம் சுளிக்காதீங்க. அடியில் பிடிச்ச சொகர்ராட்டைக் கரண்டியால் சுரண்டி எடுக்கணும். வீட்டில் அடிப்பிடிச்சா திட்டு, இங்கே அதுக்குத்தான் அடிதடி.

சைவக்காரங்க மறக்காமச் சொல்லுங்க. காய்கறிச் சோறு உண்டு, ஆனா மீன் சாறு ஊத்தாம செய்யணும்னு முன்னாடியே சொல்லி வைக்கணும். பில் சமப் பங்கு.