சின்ன அறைக்கு எந்தச் சாயம்?

ஈசூன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு நிறத்தையும் பார்த்தேன். சாம்பலா, வெளிர் பச்சையா என்று ஒரே வரி. வேறு ஒன்றும் எழுதவில்லை.

கைப்பேசித் திரையில் நிறம் பார்ப்பது வீண் வேலை. இரண்டிலும் சின்ன டப்பா வாங்கு. ஏ3 அட்டையில் ஓரமாக இரண்டு விரல் வெள்ளை விட்டு இரண்டு கோட் அடி. வெள்ளை விடாவிட்டால் சுவரின் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். ஈரத்தில் முடிவு செய்யாதே, காய்ந்தால் ஒரு படி அடர்த்தியாகும். ஜன்னல் பக்கத்திலும் எதிர்ச் சுவரிலும் வைத்து, காலையில், மாலை நாலு மணிக்கு, ராத்திரி விளக்குப் போட்டு என்று மூன்று வேளையும் பார். மருமகளையும் கூப்பிட்டுக் காட்டு.

அந்த அறை மேற்குப் பார்த்தது. மாலை வெயிலில் சாம்பல் பழுப்படிக்கும். ராத்திரி 6500கே எல்இடி, அதாவது வெள்ளை வெளிச்சம், போட்டால் நீலம் பாய்ந்து ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும். பச்சை, 3000கே மஞ்சள் வெளிச்ச விளக்கில் கொஞ்சம் மஞ்சள் தட்டும், அவ்வளவுதான். கடையில் எல்ஆர்வி எத்தனை என்றும் கேட்டுக்கொள். சாயம் நூற்றுக்கு எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்ற கணக்கு அது. ஒரே ஜன்னல் உள்ள அறைக்கு 70க்குக் கீழே நான் போகமாட்டேன். என் வாக்கு பச்சைக்கு. ஒருத்தர் தனியாகப் படுக்கிற அறைக்குச் சாம்பல் ஆகாது. சிங்கிள் கட்டில் வந்திறங்கியதாக அம்மா சொன்னாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

3 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 2.6. கதவு ஜன்னல் போக 27 சதுர மீட்டர், இரண்டு கோட்டுக்கு 54. லிட்டருக்குச் சுமார் 11 சதுர மீட்டர் என்றால் 5 லிட்டர் டப்பா ஒன்று போதும். குளியலறையை ஒட்டிய சுவரைத் தடவிப் பார். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் சுரண்டித் துடைத்து, சீலர் என்ற அடிப்பூச்சு ஒரு கோட் போட்டுத்தான் மேலே சாயம். உப்பியிருந்தால் உள்ளே கசிவு. அதை நிறுத்தாமல் எந்த நிறம் அடித்தாலும் உரிந்துதான் வரும்.

படிப்பு, வேலை, வீடு எல்லாம் நீயே முடிவு செய்தாய், ஒன்றும் சோடை போகவில்லை. அதற்காக அம்மாவின் போனைக்கூட எடுக்காமல் இருப்பதா? பொங்கோல் என்ன, அடுத்த நாடா?

நிறம் கலந்துவிட்டால் கடையில் திருப்பி எடுக்கமாட்டார்கள். அதனால் மருமகள் எதைச் சொன்னாள் என்று முதலில் எழுது. அவள் வீட்டில் இல்லையென்றால் அதையும் எழுது.

அப்பா