வைத்தும் தங்கிவிட்டதென்றால்

அன்புள்ள சாந்திக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கிராம சுகாதார செவிலியர்களுக்குப் பயிற்சி எடுக்கும் பொறுப்பு உனக்கு வந்ததில் எனக்கு உன்னைவிட அதிக சந்தோஷம். மூட்டுவலியோடு பேருந்தில் போய்வருவதுதான் கவலையாக இருக்கிறது. முடிந்தவரை ஜன்னலோரம் காலை நீட்டும்படி உட்கார்.

"காப்பர்-டி வச்சும் தங்கிடுச்சாமே, அப்புறம் எதுக்கு வைக்கணும்?" என்று, கரு தங்காமலிருக்கக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் அந்தச் சாதனத்தைப் பற்றி ஊருக்கு ஊர் கேட்கிறார்கள், பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான். "தங்கவே தங்காது" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வருகிற செவிலியர்தான் இதில் மாட்டிக்கொள்கிறார். எண்ணைச் சொல்லிப் பழகட்டும். காப்பர்-டி போட்டுக்கொண்ட 1000 பெண்களில் முதல் வருடத்தில் சுமார் 8 பேருக்குக் கரு தங்கலாம். எல்லாம் சரியாக நடந்தாலும் 6. எந்தத் தடுப்பும் இல்லாத 1000 தம்பதிகளில் ஒரு வருடத்தில் 850 பேருக்குத் தங்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த 8-இன் அளவு புரியும்.

இந்த 6-க்கும் 8-க்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பார். மாத்திரையை விதிப்படி தினமும் விழுங்கினால் 1000-க்கு 3 பேர்தான், காகிதத்தில் காப்பர்-டியையே மிஞ்சிவிடும். நடைமுறையில் அது 70 ஆகிறது. ஆணுறை 20-லிருந்து 130-க்குப் போகிறது. மறதி, ஊருக்குப் போனது, மாத்திரை தீர்ந்தது, வாந்தி என்று எத்தனையோ காரணம். காப்பர்-டியில் மறப்பதற்கு ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சுமார் 7,500 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. மாத்திரை, தோலில் ஒட்டும் ஹார்மோன் பட்டை, யோனிக்குள் வைக்கும் ஹார்மோன் வளையம் பயன்படுத்தியவர்களில் வருடத்துக்கு 100-க்கு 4.55 பேருக்குக் கரு தங்கியது. கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனமோ கையின் தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குச்சியோ வைத்தவர்களில் 0.27. மாத்திரைக் கூட்டத்தில் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தவறியது மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு. சாதனம் வைத்தவர்களில் வயது எந்த வித்தியாசமும் காட்டவில்லை.

நம் ஊரில் ஒப்பிடுவது மாத்திரையோடு அல்ல, 'ஆபரேஷனோடு'. அதையும் சொல்லிவிடு. பெண் கருத்தடை அறுவைக்குப் பின் 10 ஆண்டுகளில் 1000-க்கு 18 அல்லது 19 பேருக்குக் கரு தங்கியதாக 1996-இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. 380 ஏ வகைக் காப்பர்-டிக்கு 12 ஆண்டுகளின் மொத்தக் கணக்கு 1000-க்கு 22. ஏறக்குறைய சரிசமம். ஒன்றைக் கழற்றிவிடலாம், மற்றதைக் கழற்ற முடியாது. தனியார் மருத்துவமனைகளில் வைக்கிற ஹார்மோன் சாதனத்தில் 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் உள்ளது. அதில் முதல் வருடம் 1000-க்கு ஒன்றிரண்டு பேர்தான். ஆனால் விலை கூடுதல்.

இனி அந்த 8 பேருக்கு வருவோம். என் பார்வையில் பயிற்சியின் பாதி நேரத்தை இதற்குக் கொடுக்கலாம். சாதனம் வைத்த இடத்திலேயே இருந்தும் தங்கியதா, நழுவிப்போனது தெரியாமல் தங்கியதா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். கேட்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான், நமக்கு அப்படியில்லை. முதல் வகையில் நாம் செய்ய அதிகம் இல்லை. இரண்டாவது வகை நம் கையில்தான் இருக்கிறது.

செம்பு என்ன செய்கிறது என்று தெரிந்தால் இடம் ஏன் முக்கியம் என்பது தானே விளங்கும். வெறும் பிளாஸ்டிக் 'டி' மட்டும் வைத்துப் பார்த்த காலத்தில் வருடத்துக்கு 100-க்கு 18 பேருக்குக் கரு தங்கியது. சிலி நாட்டு மருத்துவர் ஹைமே சிப்பர் செம்பின் குணத்தைக் காட்ட, அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் டேட்டம் வடிவமைத்த 'டி' மேல் 200 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைச் சுற்றினார்கள். 18 என்பது ஏறக்குறைய 1 ஆனது. செம்பு அயனிகள் விந்தணுவின் ஓட்டத்தைக் கெடுத்துவிடுகின்றன, முட்டையைச் சேரவிடுவதில்லை. 380 ஏ-யில் 380 என்பது செம்பின் பரப்பு. தண்டில் கம்பி, இரண்டு கைகளிலும் ஒவ்வொரு செம்புப் பட்டை. அந்தக் கைகள் கர்ப்பப்பையின் உச்சியில், கருக்குழாய்கள் திறக்கும் பக்கமாக விரிந்திருக்க வேண்டும். கர்ப்பப்பை வாய்க்குள் இறங்கிவிட்டால் அது பாதி வெளியேறியதற்குச் சமம். "உள்ளேதான் இருக்கு" என்று விட்டுவிடாமல் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும்.

பிரசவத்தோடு சேராமல் வைக்கும்போது வெளியேறுவது 100-க்கு இரண்டு பேர் அளவில். நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிடத்துக்குள்ளோ 48 மணி நேரத்துக்குள்ளோ வைப்பதில் அது கூடுகிறது. சுகப்பிரசவமானால் 100-க்கு 10 முதல் 15, சிசேரியனில் நேரே உச்சியில் வைப்பதால் 4 அளவில். நம் அரசு மருத்துவமனைகளில் அதிகம் நடப்பது இந்தப் பிரசவத்துக்குப் பிந்தைய வகைதான். ஆனாலும் அதைக் குறைத்துப் பேசாதே. வீட்டுக்குப் போன பெண் ஆறு வாரம் கழித்து வருவாள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை, கையில் இருக்கும்போதே வைத்துவிடுவது நல்லது. 15 பேருக்கு வெளியேறினாலும் 85 பேருக்கு உள்ளே இருக்கிறதே.

வெளியேறாமலிருக்கக் கை பழக வேண்டும். கெல்லி ஃபோர்செப்ஸ் என்ற நீண்ட இடுக்கியால் சாதனத்தைப் பிடித்து உள்ளே போனதும், மற்றக் கையை அடிவயிற்றில் வைத்துக் கர்ப்பப்பையை மேல்நோக்கித் தள்ளவேண்டும். பிரசவமான கர்ப்பப்பை முன்பக்கம் மடிந்து கிடக்கும். அந்த வளைவு நிமிராவிட்டால் ஃபோர்செப்ஸ் பாதி வழியில் முட்டி நிற்கும். புதியவர் அதையே உச்சி என்று நினைத்து விட்டுவிடுவார். கருவியின் நுனியைத் தொப்புளை நோக்கிச் செலுத்தினால் மேலே வைத்த கைக்கு உச்சியில் அது படுவது தெரியும். அங்கே பிடியைத் திறந்து, ஃபோர்செப்ஸைப் பக்கவாட்டுச் சுவரோரம் ஒதுக்கி, லேசாகத் திறந்தபடியே வெளியே எடுக்கவேண்டும். மூடி இழுத்தால் நூல் மாட்டிக்கொண்டு சாதனமும் கூடவே இறங்கிவிடும். கருவி முழுதும் வெளியே வரும்வரை மேல்கையை எடுக்கக் கூடாது.

சாதாரணமாக வைப்பதில் நடக்கிற பிசகு வேறு. முதலில் இரு கைப் பரிசோதனை. கர்ப்பப்பை முன்னே சாய்ந்திருக்கிறதா பின்னே சாய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஆழம் அளக்கும் கம்பியான சவுண்டைச் செலுத்தினால்தான் சுவரைக் குத்துகிறார்கள். ஆழம் 6 முதல் 9 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். அந்த அளவுக்கு, வைக்கும் குழாயின் மேலுள்ள நீல வளையத்தை நகர்த்திக்கொள்ள வேண்டும். சாதனத்தின் கைகளை அந்தக் குழாய்க்குள் மடக்குவது பாக்கெட்டுக்குள்ளேயே நடக்கட்டும். மடக்கி 5 நிமிடத்துக்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் அந்த மடிப்பிலேயே நின்றுவிடும், உள்ளே போய் விரியாது. குழாய்க்குள் இருக்கும் கோலான பிளஞ்சரைத் தள்ளக் கூடாது. அதை அசையாமல் பிடித்துக்கொண்டு குழாயைத்தான் கீழே இழுக்கவேண்டும். ஊசி போட்டுப் பழகிய கைக்கு இது எதிர்மாறு, அதனால்தான் பத்துத் தடவை மாதிரியில் செய்யவைக்கச் சொல்கிறேன். கைகள் விரிந்தபின் குழாயை மெல்ல மேலே ஏற்றித் தடை தெரிகிறதா என்று பார்த்து, பிளஞ்சரை முதலில், குழாயை அடுத்து என எடுக்கவேண்டும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் நூல் இரண்டுக்கும் நடுவே சிக்கும். நூலை 3 அல்லது 4 சென்டிமீட்டர் விட்டு நறுக்கவேண்டும்.

சாதனம் கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு போவது ஆயிரத்துக்கு ஒன்று அளவில்தான். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியப் பெண்களைப் பார்த்த ஆய்வின் கணக்கு இது. வைக்கும்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும், பிரசவமாகி 36 வாரத்துக்குள் வைத்தவர்களுக்கும் ஆபத்து கூடியது. அதனால் வைக்காதே என்று பொருளில்லை. கர்ப்பப்பை மெத்தென்று இருக்கும், சவுண்டை விரல் நுனியால் பிடி என்றுதான் சொல்ல வேண்டும்.

நூல் விஷயத்தில் அதிகக் குழப்பம். பிரசவத்தோடு வைத்தவர்களுக்கு முதலில் நூல் கைக்குத் தட்டுப்படாது. கர்ப்பப்பை சுருங்கச் சுருங்க அது இறங்கும். ஆறாவது வாரம் வரச்சொல்வது அதற்குத்தான். சிலருக்கு அப்போதும் உள்ளேயே சுருண்டு கிடக்கும். நூல் இல்லை என்றால் அடுக்கு இது: நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்டுச் சிறுநீர்ப் பரிசோதனை, அதன்பின் ஸ்கேன். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் இல்லையென்றால் மட்டும் வயிற்று எக்ஸ்ரே. பிளாஸ்டிக்கில் பேரியம் கலந்திருப்பதால் வயிற்றில் எங்கிருந்தாலும் வெள்ளையாகத் தெரியும். இருக்குமிடம் உறுதியாகும்வரை ஆணுறை கொடுத்தனுப்பு. மற்றவர்கள் மாதவிலக்கு முடிந்ததும் விரலால் தொட்டுப் பார்க்கலாம். முதல் சில மாதங்களும், அதிக உதிரம் போகிற நாட்களும் கவனிக்கவேண்டியவை. இரத்தக் கட்டியோடு சேர்ந்து சாதனம் விழுந்திருக்கும், துணியைப் பார்க்காமலே எறிந்திருப்பார்கள். நூல் வழக்கத்தைவிட நீண்டிருந்தாலோ, கடினமான பிளாஸ்டிக் நுனி விரலில் பட்டாலோ அது இறங்குகிறது. இப்போது மாதவிடாய்க் கோப்பை பரவிவருகிறது. அதன் உறிஞ்சலை விரலால் விடுவிக்காமல் அப்படியே இழுத்தால் சாதனமும் வந்துவிடலாம். இளம்பெண்களிடம் இதைத் தனியாகச் சொல்.

தேதிக் கணக்குத் தவறினாலும் கரு தங்குகிறது. 380 ஏ-க்கு 10 ஆண்டு, இன்னொரு வகையான 375-க்கு 5 ஆண்டு. அட்டையில் 'காப்பர்-டி' என்று மட்டும் எழுதிவிட்டால் ஏழாவது வருடம் எப்படிக் கண்டுபிடிப்பாய்? வகையையும் எடுக்கவேண்டிய மாதம், வருடத்தையும் எழுதச்சொல். பாக்கெட்டில் அச்சிட்ட காலாவதித் தேதி கிருமி நீக்கத்துக்கானது. கடைசி மாதத்தில் வைத்தாலும் முழு ஆயுளும் உண்டு. செம்பு கறுத்திருந்தால் பயப்படவேண்டாம், உறை கிழியாமல் இருந்தால் போதும். காலம் முடிந்ததை எடுத்த அன்றே புதியதை வைக்கலாம். "கர்ப்பப்பைக்கு ரெண்டு மாசம் ஓய்வு" என்பது யாரோ கட்டிவிட்ட கதை, அந்த ஓய்வில்தான் பலருக்குத் தங்குகிறது. மாற்று வைக்காமல் எடுப்பதானால் அதற்கு முந்தைய 7 நாள் உறவு வேண்டாம் என்று முன்னரே சொல்லவேண்டும். உள்ளே காத்திருக்கும் விந்தணுவுக்கு அன்றோடு தடை நீங்கிவிடுகிறது.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்பு மாத்திரைகள் போன்றவை கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், செம்பை ஒன்றும் செய்யாது. காசநோய் மருந்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். பாதுகாப்பில்லாத உறவு நடந்த 5 நாளுக்குள் வைத்தாலும் ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் தவறுவதில்லை. மருந்துக் கடையின் அவசர மாத்திரை இதற்குப் பக்கத்தில் நிற்காது.

மீறித் தங்கியே விட்டால்? முதல் கேள்வி கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்பது. சாதனம் வைத்த பெண்ணுக்குக் குழாய்க் கர்ப்பம் வரும் வாய்ப்பு தடுப்பே இல்லாதவளைவிடக் குறைவு. பத்தாயிரம் பேருக்கு வருடத்தில் 12, மற்றவர்களுக்கு 65. ஆனால் காப்பர்-டியையும் மீறித் தங்கிய கர்ப்பங்களை மட்டும் எடுத்தால் 100-க்கு 6 முதல் 8 வரை குழாயில் இருக்கும். ஹார்மோன் சாதனத்தில் அது பாதிவரை போகலாம். ஆகவே ஒரு பக்க அடிவயிற்று வலி, தலைசுற்றல், தோள்பட்டை வலி என்றால் அன்றே ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். கர்ப்பப்பைக்குள் இருந்து, நூலும் தெரிந்தால் சீக்கிரமே மருத்துவரிடம் எடுத்துவிடச் சொல். அப்படியே விட்டால் கருச்சிதைவு, கிருமித்தொற்று, குறைப்பிரசவம் எல்லாம் கூடுகின்றன. எடுக்கும்போது சிதையவும் சிறு வாய்ப்பு உண்டு, அதைச் சொல்லிவிட்டே எடுக்கவேண்டும். குழந்தை தலையில் காப்பர்-டியோடு பிறக்கும் என்று வருகிற படங்களைப் பற்றிக் கேட்டால், சாதனம் பனிக்குடத்துக்கு வெளியேதான் இருக்கும் என்று சொல்.

இங்கே எல்லோரும் நலம். பெரியவள் அடுத்த மாதம் வருகிறாள், அவளிடம் உனக்கு நெல்லிக்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் நிலையத்தில் காலாவதியான காப்பர்-டி பாக்கெட்டுகள் இருந்தால் மருந்தாளுநரிடம் சொல்லி எழுதிக்கொடுத்து வாங்கி வை. சாதனத்தின் கைகளை மடக்கிப் பழக அவை போதும். மாதிரிக் கர்ப்பப்பை கிடைக்காவிட்டால் சுருட்டிய கையை உச்சியாக வைத்துக்கூட ஒருவருக்கொருவர் செய்து பார்க்கலாம்.

அன்புடன்,
விஜயா