கானின் கட்டடங்களில் ஆன் டிங்கின் பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். எஸ்டோனியாவில் பிறந்தவர், சிறுவயதில் தணல் பட்டு முகத்தில் விழுந்த தழும்போடு பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்தவர், ஊமைப்படக் கொட்டகைகளில் பியானோ வாசித்துச் சம்பாதித்தவர் என்று இளமைக்காலத்தைக் கட்டுரையாளர் நன்றாகச் சொல்லியிருந்தார். 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து வீடு திரும்பும் வழியில், நியூயார்க் ரயில் நிலையத்தில் மாரடைப்பால் இறந்ததை ஒரு பக்கத்துக்கு விவரித்திருந்தார். ஆனால் அவரோடு பணியாற்றிய ஆன் டிங்குக்குக் கிடைத்தது இரண்டே வரி. மணமான கானோடு உறவு கொண்டு ஒரு மகளைப் பெற்றவர், அவ்வளவுதான். படித்ததும் மனம் வேதனைப்பட்டது.

டிங் தேர்ந்த கட்டடக் கலைஞர். சீனாவில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1944இல் ஹார்வர்டில் பட்டம் பெற்று, மறு ஆண்டே கானின் அலுவலகத்தில் சேர்ந்தார். வடிவியல்தான் அவருக்கு உயிர். 1953இல் திறக்கப்பட்ட யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் அண்ணாந்து பார்த்தால் கான்கிரீட் கூரை முழுக்க முக்கோணக் குழிகள் தெரியும். காற்றுக்குழாய்களும் விளக்குகளும் அந்தக் குழிகளுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. கானுக்குப் புகழ் தேடித் தந்த முதல் பெரிய கட்டடம் அது. அந்தக் கூரையில் டிங்கின் சிந்தனை இருக்கிறது.

அடுத்தது ட்ரென்டன் நகருக்கு அருகே, ஒரு யூத சமூக மையத்தின் நீச்சல் குளத்துக்காக 1955இல் எழுந்த உடைமாற்றும் கட்டடம். கட்டுரையில் இதன் பெயரே இல்லை. சாதாரண சிமென்ட் பிளாக் சுவர்கள்தாம். நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றி நான்கு சதுர அறைகள், ஒவ்வொன்றின் மேலும் பிரமிட் வடிவ மரக்கூரை. கூரை சுவரில் உட்காரவில்லை. மூலைகளில் உள்ள பருத்த தூண்களில் நிற்கிறது. அதனால் சுவருக்கும் கூரைக்கும் இடையே வெளிச்சம் நுழைகிறது. அந்தத் தூண்களும் உள்ளீடற்றவை. ஆள் நுழையும் வழியாகவும் கழிப்பறையாகவும் பயன்படுபவை. மனிதர் புழங்கும் இடம் ஒன்று, அதற்குத் துணை நிற்கும் இடம் இன்னொன்று என்று கான் பிற்காலத்தில் ஓயாமல் பேசிய கொள்கை இங்கேதான் உருப்பெற்றது. தன்னையே தான் கண்டுகொண்டது இந்தச் சின்னக் கட்டடத்தில்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இதன் வடிவமைப்பில் டிங் கூடவே இருந்தார். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி ரோம் நகருக்குப் போய்ப் பிள்ளை பெற்று, கைக்குழந்தையோடு திரும்பி வந்து செய்த வேலை அது!

கானின் பெருமையைக் குறைக்க இதை எழுதவில்லை. சால்க் ஆய்வு நிலையத்தையும் டாக்கா நாடாளுமன்றத்தையும் வடிவமைத்தவர் மாபெரும் கலைஞர்தான், சந்தேகமில்லை. ஆனால் தனி ஒருவர் கையால் எந்தக் கட்டடமும் எழுவதில்லை. கான் வடிவமைத்த கிம்பெல் கலைக்கூடத்தின் வளைகூரைகளை நிற்க வைத்தவர் பொறியாளர் ஆகஸ்ட் கோமென்டன்ட். அதன் தோட்ட அமைப்பில் ஹாரியட் பாட்டிசனுக்குப் பங்குண்டு. கானின் மகனைப் பெற்றவர் என்று மட்டும்தான் கட்டுரை அவரையும் குறிப்பிடுகிறது. அகமதாபாத் ஐஐஎம் கட்டடப் பணிக்குக் கானைப் பரிந்துரைத்தவர் பாலகிருஷ்ண தோஷி. கான் மறைந்த பிறகு அந்த வளாகத்தில் பணியைத் தொடர்ந்தவர் அனந்த் ராஜே. கட்டுரையில் இந்த இருவர் பெயரும் இல்லாதது பெருங்குறை.

டிங் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பாடம் நடத்தி, 2011இல் 91ஆம் வயதில் காலமானார். அவருடைய வேலையைப் பற்றி, வரைபடங்களோடு ஒரு தனிக் கட்டுரையை வரும் இதழ்களில் வெளியிட வேண்டுகிறேன். ட்ரென்டன் கட்டடத்தின் படத்தை அதில் அவசியம் சேருங்கள்.

இப்படிக்கு,
வாசகி, திருச்சி