எக்கோ தளத்தைப் பழிக்கும் நண்பர்களுக்கு

அன்புள்ள ஸ்டார் வார்ஸ் ரசிகர்களே,

1980-இல் வெளிவந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' பற்றிப் பேச்செடுத்தாலே உங்களில் பலர் ஒரே குற்றச்சாட்டை வைக்கிறீர்கள். பேரரசை எதிர்த்து, ஹோத் கோளின் பனிக்குள் எக்கோ என்ற தளத்தில் ஒளிந்திருந்த கிளர்ச்சிப் படை, எதிரி தேடி வருவான் என்று நினைத்தே பார்க்கவில்லை. அசந்திருந்த நேரத்தில் அகப்பட்டுக்கொண்டது என்கிறீர்கள். இது அந்தத் தளத்தின் தளபதி ஜெனரல் ரீக்கனுக்கு இழைக்கும் அநியாயம். அதனால்தான் இந்த மடல்.

பேரரசு அனுப்பிய உளவு ரோபோ தன்னைத்தானே வெடித்துக்கொண்ட பிறகு என்ன நடக்கிறது? நாம் இங்கிருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்கிறார் கிளர்ச்சிப் படையோடு இருக்கும் விமானி ஹான் சோலோ. ரீக்கன் யாரையும் கலந்துபேசவில்லை, இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்லவும் இல்லை. வெளியேறத் தொடங்குவோம் என்கிறார், அவ்வளவுதான். பனியைக் குடைந்து எழுப்பிய ஒரு தளத்தை ஒரே வரியில் கைவிட முடிகிறது என்றால், அந்த முடிவு அந்த நிமிடத்தில் பிறந்திருக்க முடியாது. குடியேறும்போதே மனத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

கிளர்ச்சிப் படைத் தலைவர்களில் ஒருவரான இளவரசி லேயா விமானிகளுக்குக் கட்டளைகளை விளக்கும் காட்சியை எத்தனை பேர் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறீர்கள்? சரக்குக் கப்பல்கள் ஏற்றி முடித்ததும் ஒவ்வொன்றாகக் கிளம்பும். ஒரு கப்பலுக்கு 2 போர் விமானங்கள் மட்டுமே துணை. ஆற்றல் கவசத்தைச் சிறிது நேரமே திறக்க முடியும் என்பதால் கப்பலை ஒட்டியே பறக்க வேண்டும். தளத்தின் அயன் பீரங்கி சில முறை சுட்டு, வழியில் எதிரிக் கப்பல் இல்லாமல் பார்த்துக்கொள்ளும். கவசத்தைத் தாண்டியதும் நேரே சந்திப்பு இடத்துக்குப் போக வேண்டும். இதையெல்லாம் பதற்றத்தில் யோசித்துச் சொல்ல முடியுமா? பின்னால் தளத்துக்குள் எதிரி நுழையும்போது, வெளியேறுவதற்கான குறிச்சொல்லை அனுப்பச் சொல்கிறார் லேயா. அப்படியொரு குறிச்சொல்லே முன்பே வகுக்கப்பட்டிருக்கிறது!

அந்தப் பீரங்கியைப் பாருங்கள். தரையிலிருந்து சுட்டு, சுற்றுப்பாதையில் நிற்கும் ஸ்டார் டிஸ்ட்ராயரை, அதாவது பேரரசின் பெரும் போர்க்கப்பலை, செயலிழக்கச் செய்கிறது. ஒளிந்தே காலம் தள்ளிவிடலாம் என்று நம்பியவனுக்கு இது எதற்கு? முற்றுகையிட்டவனிடமிருந்து மதிலைக் காப்பதற்கு நொச்சி என்று பெயர் வைத்தது நம் இலக்கணம். ஹோத்தில் நடந்தது நொச்சி அல்ல. கோட்டை போனால் போகட்டும், ஆட்கள் தப்ப வேண்டும் என்று போட்ட கணக்கு அது. பதுங்குகுழி வீரர்களும் பனிவாகன விமானிகளும் சண்டையிட்டது வெல்வதற்காக அல்ல, கப்பல்கள் கிளம்பும்வரை நேரம் வாங்கித் தருவதற்காக.

1977-இல் வந்த முதல் படத்தில் கிளர்ச்சிப் படை இருந்த யாவின் தளத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கே, கோள்களையே தகர்க்கும் பேரரசின் டெத் ஸ்டாரை அழிக்க வேண்டும், இல்லையேல் அழிய வேண்டும். கவசமும் இல்லை, கப்பல்களில் ஆட்களை ஏற்றும் காட்சியும் இல்லை. அந்தப் பாடத்தைக் கற்றவர்கள்தாம் ஹோத்துக்கு வந்தார்கள்.

பேரரசுக் கடற்படையின் அட்மிரல் ஓசலின் பிழையால்தான் தப்பினார்கள் என்றும் சொல்வீர்கள். ஒளிவேகத்திலிருந்து மிக அருகில் வெளிப்பட்டு, தாங்கள் வருவதை அவரே காட்டிக்கொடுத்தது உண்மைதான். ஆனால் எழுப்ப ஒரு கவசம் தயாராக இருந்ததால்தானே அந்தப் பிழை பயன்பட்டது?

குறைகளையும் மறைக்க மாட்டேன். அந்தக் கோளமைப்பில் விண்கற்கள் ஓயாமல் விழுவதால், நெருங்கும் கப்பல்களைக் கண்டறிவது கடினம் என்று ரீக்கனே சொல்கிறார். மறைந்திருக்க உதவிய அதே விண்கற்கள் வருபவனையும் மறைத்தன. உளவு ரோபோ விழுந்ததைப் பார்த்த கிளர்ச்சிப் படை விமானி லூக், விண்கல் என்றே நினைத்தான். இன்னொன்று எனக்கு நெஞ்சை அடைக்கும். ரோபோ அனுப்பிய படத்தில் பேரரசின் தலைவர்களில் ஒருவரான டார்த் வேடர் பார்த்தது எதை? தளத்தின் மின்னாக்கிகளை. எந்தக் கவசம் காப்பாற்றும் என்று நம்பினார்களோ, அதை இயக்கிய எந்திரமே அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

கவசம் வானத்திலிருந்து வரும் குண்டைத் தடுக்கும். அதற்கு வெளியே இறங்கி, தரை வழியே நடந்து வரும் வாக்கர்கள் என்னும் கால் முளைத்த பெரும் போர் எந்திரங்களைத் தடுக்காது. அவற்றின் தகட்டைத் துளைக்கும் ஆயுதம் ஒன்றுகூடத் தளத்தில் இல்லை. இழுவைக் கம்பியைக் கால்களில் சுற்றிச் சாய்த்தது லூக்கின் சமயோசிதம், திட்டத்தின் பகுதி அல்ல. குற்றம் சாட்டத்தான் வேண்டுமென்றால் இதைச் சாட்டுங்கள், நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். எதிரி வருவான் என்று தெரிந்திருந்தது. எப்படி வருவான் என்பதில்தான் கோட்டைவிட்டார்கள்.

அடுத்த முறை படம் பார்க்கும்போது, முதல் சரக்குக் கப்பல் தப்பிவிட்டது என்ற அறிவிப்பு வந்ததும் தளத்தில் எழும் ஆரவாரத்தைக் கேளுங்கள். அப்போது தரைப்போர் இன்னும் தொடங்கியிருக்காது.

அன்புடன்,
உங்களில் ஒருவன்