பரிசோதனை முடிவு உரியவர் கைக்கு மட்டுமே போகக் கோரும் மனு

அனுப்புநர்: பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன். அந்தத் தாளை வேறு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

பெறுநர்: இணை இயக்குநர், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள், விருதுநகர் மாவட்டம்.

பொருள்: தனியார் லேப்களில் நோயாளிகளின் விவரம் வெளியே போவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு முன் டாக்டர் எழுதிக் கொடுத்த சோதனைகளுக்காகப் போன மாதம் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். அதில் எச்ஐவி சோதனையும் உண்டு. ரிசல்ட் என் போனுக்கு வரவில்லை. இரண்டு வருடம் முன்பு என்னை அங்கே கூட்டிப்போன நாத்தனாரின் எண்தான் அவர்கள் கணினியில் இருந்திருக்கிறது. "அண்ணிக்கு எதுக்கு இந்த டெஸ்ட்?" என்று அவர் குடும்ப குரூப்பில் கேட்டுவிட்டார். எல்லாம் நார்மல்தான். அப்படியும் ஒரு வாரம் பதில் சொல்லி ஓய்ந்தேன். நார்மலாக இல்லாதவர் கதி என்ன?

சரி, நேரில் கேட்போம் என்று போனால், கவுண்டர் டிரேயில் எல்லாருடைய ரிப்போர்ட்டும் ஒட்டாத கவரில் கிடக்கிறது. "உங்களுதைத் தேடி எடுத்துக்கோங்க" என்கிறார்கள். கவுண்டரில் இருக்கும் பெண்ணைக் குறை சொல்லவில்லை. ரத்தம் எடுப்பதும் பில் போடுவதும் அவர் ஒருவர்தான். அவர் மீது நடவடிக்கை வேண்டாம்.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம், சோதனைக்கு முன் சம்மதம் கேட்கவும், விவரங்களைப் பத்திரமாக வைக்கவும் சொல்கிறது. என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மின்னணுத் தகவலுக்கானது. டிரேயில் கிடக்கும் கவருக்கு அதைக் காட்டி யாரிடம் வாதாடுவது?

1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி லேப்களுக்குப் பதிவுச் சான்று தருவது தங்கள் துறை. ஆகவே அந்தச் சான்றோடு சேர்த்து, ஒவ்வொரு முறையும் போன் எண்ணைக் கேட்டுச் சரிபார்க்கவும், கவரை ஒட்டி, ரசீதைப் பார்த்து உரியவர் கையில் தரவும் உத்தரவிட வேண்டுகிறேன். என்ன சோதனை என்று கவுண்டரில் சத்தமாகக் கேட்கக்கூடாது. எச்ஐவி ரிசல்ட் வாட்ஸ்அப்பில் போகவே கூடாது. அப்புறம், பழைய ரிப்போர்ட்டுகளைக் கிழித்து அழிக்கச் சொல்லுங்கள். வடை மடித்துத் தந்த தாளில் யாரோ ஒருவரின் சர்க்கரை அளவை நானே படித்திருக்கிறேன்.

என் பழைய பதிவில் உள்ள எண்ணை நீக்கச் சொல்லி லேபில் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன். அதற்கு இன்னும் பதில் இல்லை.

இப்படிக்கு,
(கையொப்பம் தனித்தாளில்)