மூன்றாம் மாடி அவசர வழிக்குப் பூட்டு: ஜவுளிக்கடை நிர்வாகத்துக்கு ஒரு புகார்

பெறுநர்: பொது மேலாளர் அவர்கள், காந்திபுரம் கிளை, கோயம்புத்தூர்.

பொருள்: அவசர வழிப் படிக்கட்டு அடைபட்டும் பூட்டியும் கிடப்பது, விற்பனை ஊழியர்கள் உட்கார இடமில்லாதது குறித்து.

ஐயா, வணக்கம்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை அம்மாவையும் அக்கா குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு உங்கள் கடைக்கு வந்திருந்தேன். துணியின் தரத்திலோ விலையிலோ எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் எழுத வந்த விஷயம் வேறு.

மூன்றாம் மாடியில் புடவை எடுத்து முடித்தபோது லிஃப்ட் முன்னால் பெரிய கூட்டம். அம்மாவுக்கு எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயம். சரி, மெதுவாகப் படியிறங்கிவிடலாம் என்று 'அவசர வழி' என்று பச்சை விளக்கு எரிந்த கதவைத் தள்ளினேன். பாதிதான் திறந்தது. கதவுக்குப் பின்னால் பிரிக்காத துணிப் பண்டல்கள், கை கழன்ற பொம்மைகள், மடித்த அட்டைப்பெட்டிகள், கட்டைப்பைக் கட்டுகள் என்று குவிந்து கிடந்தன. அம்மாவை அங்கேயே நிற்கவைத்துவிட்டு நான் மட்டும் சுவரோரமாகக் கீழே இறங்கிப் பார்த்தேன். தரைத்தளக் கதவின் கைப்பிடியில் சங்கிலி சுற்றிப் பூட்டு தொங்கியது. பூட்டின் மேல் தூசி படிந்திருந்தது. அன்றைக்கு ஒரு நாளைக்காகப் போட்ட பூட்டாக அது தெரியவில்லை.

மேலே வந்து மாடிப் பொறுப்பாளரிடம் கேட்டேன். "சீசன் நேரம்ங்க, குடோன்ல இடமில்லீங்க. தீபாவளி முடிஞ்சதும் எடுத்துருவோம்" என்றார். பூட்டைப் பற்றிக் கேட்டதற்கு, அந்த வழியாகத் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள் என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பூட்டச் சொன்ன முடிவு அவருடையதாக இருக்காது.

சீசன் நேரம் என்பதை ஒரு காரணமாகச் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கூட்டமில்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் படிக்கட்டு அடைபட்டிருந்தால்கூட ஆட்கள் எப்படியாவது வெளியே வந்துவிடுவார்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலையில் முடியாது. கூட்டமும் சரக்கும் அப்போதுதான் அதிகம், கூடுதல் விளக்குகளால் ஒயர்களின் மேல் சுமையும் அப்போதுதான் அதிகம். மற்ற நாளெல்லாம் திறந்து வைத்துவிட்டு அந்த ஒரு வாரம் மட்டும் அடைக்கும் அவசர வழியால் யாருக்கு என்ன பயன்?

சென்னை தி. நகரில் 2017 மே 31 அன்று ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்று எரிந்தது உங்கள் தொழிலில் இருக்கும் யாருக்கும் மறந்திருக்காது. ஒரு நாளுக்கு மேல் தீ அணையவில்லை. கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து விழுந்தது, மிச்சத்தைப் பிறகு இடித்துத்தான் தள்ளினார்கள். அது அதிகாலையில் பிடித்த தீ, கடையில் வாடிக்கையாளர்கள் இல்லை. மாலை ஏழு மணிக்குப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கு முன்பு 2008-இல் ரங்கநாதன் தெருக் கடைத் தீயில் இரண்டு ஊழியர்கள் உயிரிழந்தார்கள்.

ஜவுளிக்கடைத் தீயில் நெருப்பைவிட முதலில் ஆளைச் சாய்ப்பது புகை. பாலியஸ்டர் எரிந்தால் கரும்புகை சில நிமிடங்களில் மாடியை நிரப்பிவிடும். அவசரப் படிக்கட்டைத் தனியாகச் சுவர் எழுப்பி, தானாக மூடிக்கொள்ளும் கதவு போட்டுக் கட்டச் சொல்வது அந்தப் புகை உள்ளே வராமல் இருக்கத்தான். உங்கள் இரண்டாம் மாடியில் அந்தக் கதவு மூடாதபடி ஒரு பண்டலை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். தீப்பிடித்தால் அந்தப் படிக்கட்டே புகைபோக்கியாகிவிடும். பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பானையும் பார்த்தேன். அதன் முள் பச்சைப் பகுதியில் இல்லை, சிவப்பில் நின்றது. உள்ளே அழுத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

திருட்டு பயம் உண்மையானதுதான், ஆனால் அதற்குச் சங்கிலி தேவையில்லை. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், திறந்தவுடன் அலாரம் அடிக்கும் கதவுகள் கிடைக்கின்றன. கடையில் ஆட்கள் இருக்கும் நேரத்தில் வெளியேறும் கதவை உள்ளிருந்து திறக்க முடியாதபடி பூட்டக் கூடாது என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பிலேயே உள்ளது.

அப்புறம், உங்கள் ஊழியர்கள். எங்களுக்குப் புடவை எடுத்துப்போட்ட பெண், காலை ஒன்பதரையிலிருந்து நிற்பதாகச் சொன்னார். பேசும்போதே ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் எடையைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தளம் முழுக்க ஊழியர் உட்கார ஒரு ஸ்டூல்கூட என் கண்ணில் படவில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் கொண்டுவந்த திருத்தப்படி எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை தர வேண்டும், நாள் முழுக்க நிற்கவைக்கக் கூடாது. இது நீங்கள் மனமிரங்கிச் செய்யும் சலுகை அல்ல. கீழே இறங்க வேறு வழி உண்டா என்று அவரிடம் கேட்டேன், தெரியவில்லை என்றார். சீசனுக்கு மட்டும் சேர்ந்தவராம், யாரும் காட்டவில்லையாம். ஆபத்து வந்தால் எங்களை வெளியே அழைத்துப்போக வேண்டியவர்கள் இவர்கள்தானே? இவருக்கே வழி தெரியாவிட்டால் நாங்கள் யாரைக் கேட்பது? அந்தப் பெண்ணைத் தேடிப்பிடித்து விசாரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை.

இதையெல்லாம் சுருக்கமாக உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு அன்று இரவே மின்னஞ்சலில் அனுப்பினேன். "அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்ற ஒற்றை வரியும் 500 ரூபாய் கிஃப்ட் வவுச்சரும் வந்தன. வவுச்சரை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு நஷ்டஈடு வேண்டாம்.

சங்கிலியை இன்றைக்கே கழற்றுங்கள், அதற்கு ஐந்து நிமிடம் போதும். படிக்கட்டிலுள்ள சரக்கை ஒரு வாரத்துக்குள் எடுத்துவிட்டு, எல்லா மாடிப் படிக்கட்டுகளையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சீசனுக்குச் சேர்பவர் உட்பட எல்லா ஊழியர்களுக்கும் வேலைக்கு வரும் முதல் நாளே அவசர வழியை நடத்திக் காட்டுங்கள். இருக்கைகள் எப்போது வரும் என்பதைத் தேதி போட்டு எழுதுங்கள்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தீயணைப்புத் துறையின் மாவட்ட அலுவலருக்கும் தொழிலாளர் துறைக்கும், என் கைபேசியில் எடுத்த படங்களுடன், இதே கடிதத்தை அனுப்புவேன். பில்லின் நகலை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கடையின் நெடுநாள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

இணைப்பு: பில் நகல், கிஃப்ட் வவுச்சர், படங்கள்.